ஃபேன் இல்லாத கூலர்

அக்கா,

இன்று காலை, உங்களுக்குப் பிறகு என்னிடம் வந்து சேர்ந்த உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினேன். நாம் செய்த கூலர் உள்ளே அப்படியேதான் நிற்கிறது. அலுமினியத் தகடுகளின் ஓரம் கொஞ்சம் கோணல். என் கைவேலை அவ்வளவுதான். தும்மல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பழியைத் தூசின் மேல் போட்டுவிட்டேன்.

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் உங்கள் வீட்டு மாடியில் குடிவந்த புதிதில், கதவைச் சாத்திக்கொண்டு யாரிடம்தான் இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்று யோசிப்பேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோடையில் உங்களுக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டுமாம். அதற்குள் கையிலிருந்த வரலாற்றுப் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் உங்கள் கவலையெல்லாம். உயிரைப் பற்றிக் கேட்டால், "அதை டாக்டர் பாத்துப்பார்" என்பீர்கள்.

இடைஞ்சல் செய்தது அந்தக் கம்ப்யூட்டர். பதிவுக்காக ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்தினால் அறை கொதிக்கும். உடனே பிராசசர் மேலிருக்கும் குட்டி ஃபேன் இரைய ஆரம்பிக்கும்.

"பிளேன் போனா படிக்கிறத நிறுத்திக்கலாம். இது ஓயவே மாட்டேங்குதேடி" என்று தலையில் கை வைத்தீர்கள்.

நான் மறைமலை நகரில் கார் ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். "இன்னாக்கா, இதுக்குப் போய் பேஜாராவுறீங்க? ஃபேனே இல்லாம கூலர் ஒண்ணு நான் செஞ்சித் தரேன்" என்றேன்.

பம்மல் பட்டறை ஒன்றில் செப்புக் கட்டி வாங்கிவந்தேன். பிராசசரோடு இடைவெளியில்லாமல் ஒட்ட அடிப்பக்கம் மட்டமாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். தாம்பரத்துக் கடைகளில் தேடிப் பிடித்த பழைய கூலர்களின், சூட்டைக் கடத்தும் வெப்பக் குழாய்களைக் கட்டியில் பதித்து, அவற்றின் மேல் அலுமினியத் தகடுகளை வரிசையாகக் கோத்தேன். ரேடியேட்டரில் இருப்பது போலவே நெருக்கமாக. தகடு கூடக் கூடச் சூடு சீக்கிரம் இறங்கும் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பாதிப் பாடத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. வலியோடு நீங்கள் படித்ததெல்லாம் போயிற்று. தொட்டால் செப்பு சுட்டது. இருந்த நாட்களே கொஞ்சம். அதையும் வீணடித்துவிட்டேன். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்:

"கார் ஓடுறப்ப காத்து தானா உள்ள பூந்துடும். என் ரூம் எங்கடி ஓடுது?"

சிரித்த பிறகுதான் உறைத்தது. தள்ளிவிட ஃபேன் இல்லாதபோது அவ்வளவு குறுகலான சந்துகளில் காற்று நகராது. தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக உருவினேன். மிச்சத்தைச் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி, பெட்டியின் மேல்மூடியையும் கழற்றிவிட்டேன். சூடான காற்று தானாக மேலே ஏறிப் போக வழி கிடைத்தது. அதற்குப் பிறகு அறையில் உங்கள் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் கடைசிப் பாடம். விமானம் போகட்டும் என்று நீங்கள் நிறுத்தியபோது, பதிவு ஓடுவதை மறந்து கூலரைத் தொட்டுப் பார்த்தேன். "யக்கா, சில்லுனு கீதுக்கா!" என்று கத்திவிட்டேன். அப்படியொன்றும் சில்லென்று இல்லை. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தை முடித்தீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் அதை இருவருமாகக் கேட்டோம். நான் கத்திய இடத்தை வெட்டப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். அப்படியே அனுப்பினோம்.

எனக்கு வரலாறு அவ்வளவாக ஏறாது, அக்கா. ஆனாலும் மனசு சரியில்லாத நாட்களில் அந்தப் பாடத்தை, ஒரு வரிகூடத் தள்ளாமல், முதலிலிருந்து கேட்கிறேன். நீங்கள் சிரிக்கும் இடம் வரும்வரை.