பாதி ரோட்டில் வந்த பயம்

ராஜபாளையம்
9.2.2025, ஞாயிறு

அன்பு மகள் சப்ரீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் நலம் என்று எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன், அது முக்கால்வாசிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். பதினைந்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். உனக்கு இரண்டு நைட்டி வாங்கி வர அத்தா நேற்று தளவாய்புரம் போனார், அந்தப் பார்சலுக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன். அத்தாவுக்குக் கடையில் வியாபாரம் பரவாயில்லை. நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்கிறார், ஆள்தான் கிடைக்கவில்லை.

போன மாதம் இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமை நீ பேசினாய் அல்லவா, ஹாம்பர்க்கில் ரயிலில் போகும்போது மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, ஆபீஸுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், அன்றைக்கு வேலைக்கே போகவில்லை என்றாய். பொறவு நீயே சிரித்துக்கொண்டு "ஒண்ணுமில்லம்மா, வயித்துல கேஸு" என்றாய். போனை வைத்ததும் அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் நாலு வருஷத்துக்கு முன்னால் என்னை மதுரைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் படுக்க வைத்திருந்தபோது உன்னிடம் நானும் அதே பொய்யைத்தான் சொன்னேன். எனக்குக் கேஸும் இல்லை ஒன்றும் இல்லை. உன் பெரியம்மா மௌத்தாகி, அவளை அடக்கம் செய்து ஒரு மாதம் இருக்கும், அடுப்படியில் நின்றவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, இதோ ரூஹு பிரியப்போகிறது என்று ஆகிவிட்டது. மதுரையில் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, மனதில் உள்ள பயம்தான் உடம்பில் இப்படி வருகிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். அத்தா ஓதிய தண்ணீரும் வாங்கி வந்து கொடுத்தார். கொஞ்ச நாள் நின்றிருக்கும், பிறகும் வந்தது. வந்துவிடுமோ என்கிற பயத்திலேயே வந்தது. பஸ் ஏறுவதை விட்டேன், கல்யாண மண்டபத்தை விட்டேன், ரேஷன் கடை வரிசையில்கூட நிற்க முடியவில்லை. உன் மாமா மகள் நிக்காஹுக்கு முட்டி வலி என்று சொல்லிப் போகாமல் இருந்தேனே, முட்டியில் ஒரு வலியும் கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் வாசல் எந்தப் பக்கம் என்றுதான் கண் தேடும். இதையெல்லாம் நீ தூர தேசத்தில் இருந்துகொண்டு கவலைப்படுவாய் என்று மறைத்தேன். நான் மறைத்ததைப் பார்த்து நீயும் மறைக்கப் படித்துக்கொண்டாயோ, என் வயிற்றிலிருந்தே இந்தப் பயம் உனக்கும் வந்துவிட்டதோ என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

போன வருஷம் ஆடி மாதம், நான் பிறந்த உன் நன்னா வீட்டுப் பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் நேரில் போயே ஆக வேண்டியதாயிற்று. அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் போனேன். பத்திர ஆபீஸ் வராந்தாவில் என்னை உட்கார வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனார், அவ்வளவுதான், வந்துவிட்டது. எழுந்து ரோட்டுக்கு ஓடி, ஒரு டீக்கடைப் பெஞ்சில் விழுந்தேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் சோடா உடைக்கிறார், ஒருத்தர் ஆட்டோவைக் கூப்பிடுகிறார். அப்போது முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும், ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதைச் செய், இதைச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை. வாட்சைப் பார்த்து எண்ணிவிட்டு, "நூத்திப் பதினாறுக்கா. நான் ஓடும்போது எனக்கு நூத்தி அறுவது அடிக்கும். அம்புட்டு அடிச்சும் நான் சாகலையே, நீங்க எப்படிச் சாவிய?" என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அத்தா திரும்பி வருகிற வரை அவள் கையை எடுக்கவில்லை. அவள்தான் மாரிச்செல்வி. மகன் சர்டிபிகேட்டில் பெயர் தப்பாக இருந்ததைத் திருத்த வந்திருந்தாள். நம் ஊர்தான், மில்லில் வேலை, நமக்கு மூன்று தெரு தள்ளி வீடு. இத்தனை வருஷம் நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் எங்களோடேயே வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "காலையில அஞ்சரைக்கு மைதானத்துல ஏழு பேரு ஓடுதோம்க்கா. நீங்க ஓட வேண்டாம், சும்மா வந்து நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் பொம்பளை ரோட்டில் ஓடினால் கடைக்கு வருகிறவன் என்ன கேட்பான் என்றார். ஒரு வாரம் கழித்து அவராகவே, "வாசப்படியில உக்காந்து பயப்படுறதுக்கு நீ மைதானத்துல நடந்தே பயப்படு புள்ள" என்று சொல்லி, டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விட்டு, கேட் பக்கத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்குவார்.

பத்து நாள் நடந்தேன். பதினோராம் நாள் அவர்களோடு அரைச் சுற்று ஓடிப் பார்த்தேன். ஓடி நின்றதும் நெஞ்சு அடிக்கிறது, வியர்வை ஊற்றுகிறது, மூச்சு வாங்குகிறது. எல்லாம் அந்த நோய் வருகிற மாதிரியே இருக்கிறது! அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அத்தாவைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கத்தினேன். மாரிச்செல்வி எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, "கூப்பிடுதேன். அதுக்கு முன்னால செத்த நேரம் அது என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க" என்றாள். பார்த்தேன். அது அடித்தது, பிறகு கொஞ்சம் மெதுவாக அடித்தது, பிறகு அடங்கிவிட்டது. சப்ரீன், அந்தப் படபடப்பு வந்து, நின்று, போவதை நான் கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு மௌத்தை எதிர்பார்த்திருந்தேன். மறுநாள் ஒரு சுற்று ஓடினேன். கார்த்திகை பிறக்கும்போது அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன், தலையில் துணியோடும் சுடிதாரோடும்தான். எல்லாருக்கும் கடைசியாகத்தான் வருவேன், ஆனால் கடைசி ஆள் வருகிற வரை ஒருத்தியும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள், அது அவர்களிடத்தில் ஒரு வழக்கம். நீ எதற்கு ஓடுகிறாய் என்று மாரிச்செல்வியிடம் ஒருநாள் கேட்டேன். "மில்லுல எட்டு மணி நேரம் மிஷினு சொல்லுதபடி நிக்கேன். இந்த ஒரு மணி நேரந்தாங்க்கா என் காலு நான் சொல்லுதபடி போவுது" என்றாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓடுவது என்று முடிவானது. பன்னிரண்டு கிலோமீட்டர். டீக்கடைப் பெஞ்சில் நான் விழுந்த அதே ஊர். இருந்தும் போனேன். பாதி தூரத்தில் கண்மாயை ஒட்டி ரோடு போகும், வீடு வாசல் எதுவும் கிடையாது, முன்னால் பனி, பின்னால் லாரிகள். அந்த இடத்தில் வந்துவிட்டது. இது ஓடுவதால் வருகிற துடிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும், பழைய பயமேதான். எதிரே ராஜபாளையம் பஸ் வந்தது, கையைக் காட்டி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மாரிச்செல்வியும் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னோடு ஏறினாள். அந்த வெட்கத்தில் மூன்று வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. முன்னைவிட மோசமாகிவிட்டேன், மாடிக்குத் துணி காயப்போட ஏறவே பயந்தேன். எங்கள் கூட்டத்தில் சீனியம்மாள் என்று ஒருத்தி, அறுபது வயது, இட்லிக்கடை வைத்திருக்கிறாள், சர்க்கரைக்காக ஓட வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேன்வாஸ் ஷூவோடு ஓடுகிறவள். அவள் ஒருநாள் விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்து, "ஏட்டி ஆயிசா, நீ வராததுனால இப்ப நாந்தான் கடைசில ஓடுதேன். எனக்குப் பின்னால ஒரு ஆளு வேணும், வா" என்றாள். அத்தா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் போனேன். மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் ஓட்டம் ஜனவரி இருபத்தாறு என்று வைத்திருந்தார்கள். உள்ளதைச் சொன்னால், அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். இருபத்து நாலாம் தேதி நீ பேசினாய். அதற்குப் பிறகு படுக்க முடியுமா? பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குச் சொல்ல என் கையில் என்ன இருக்கிறது, பஸ் ஏறி வீட்டுக்கு வந்த கதைதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

அதே கண்மாய், அதே இடம், மறுபடியும் வந்தது. எம்புட்டோ தைரியமாகத்தான் போனேன், ஆனாலும் வந்தது. வாய் வறண்டது, விரலெல்லாம் மரத்தது, ரோடு தூரமாகப் போகிற மாதிரி இருந்தது. மாரிச்செல்வியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள், சீனியம்மாள் மட்டும்தான் பக்கத்தில். என் நேரமோ என்னவோ, ஒரு பஸ்ஸும் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது, முகத்தைப் பார்த்தே கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும், "ஏறுங்கம்மா, ஸ்ரீவியில எறக்கி விடுதேன்" என்றார். படியில் கையை வைத்துவிட்டேன் சப்ரீன். சீனியம்மாளிடம், என்னால் முடியாது, நான் செத்துவிடுவேன் என்றேன். "செத்தா நான் தூக்கிட்டுப் போறேன்டி, வா" என்றாள். அந்தக் கிழவிக்கு என் எடையில் பாதி இருக்காது. கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையை எடுத்தேன். பஸ் போய்விட்டது. அது வளைவில் மறைகிற வரைக்கும் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதைவிடப் பெரிய பயம் எனக்கு வந்ததில்லை. கலிமாவைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். "என்னத்தையோ ஓதுத, நல்லா ஓது, காலை மட்டும் நிப்பாட்டாத" என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். எவ்வளவு நேரம் நடந்தோமோ தெரியாது. குதிகாலில் ஷூ கடித்துப் பொக்களம் வந்து எரிகிறதே என்று நினைத்தேன், அப்போதுதான் தெரிந்தது, குதிகால் வலி தெரிகிற அளவுக்குப் பயம் வடிந்திருக்கிறது. அது எந்த இடத்தில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாக ஓடினோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது எட்டு மணி தாண்டிவிட்டது, பள்ளிக்கூடங்களில் கொடியேற்றப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு போகிறார்கள். முன்னால் வந்த ஆறு பேரும் பஸ் ஸ்டாண்டு வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தி வாயிலும் டீ படவில்லை, நாங்கள் வரட்டும் என்று.

பயம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். போன வாரம் கடையில் உட்கார்ந்திருந்தபோது மறுபடி வந்தது. இன்னும் வரும் என்றுதான் பயந்துகொண்டிருக்கிறேன். நீ முதலில் நல்ல டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துப் பார். நானும் இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஓடினேன், கேஸு என்று நீயாகவே முடிவு கட்டாதே. கூட இருக்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லு, ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் வெட்கப்படாமல் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுற்றி ஆட்கள் கூட்டமாக ஓடுவதை வீடியோவில் காட்டினாயே, அவர்களில் எல்லாருக்கும் கடைசியாக வருகிறது யார் என்று பார்த்து அவர்களோடு போய் நட. முன்னால் ஓடுகிறவர்கள் நமக்குச் சரிப்பட மாட்டார்கள்.

இன்னொன்று. ஹாம்பர்க்குக்கு வா, வா என்று மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறாய். குளிர் ஒத்துக்காது, அத்தாவுக்குச் சமைக்க ஆள் இல்லை என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் பொய். வியாழக்கிழமை மதுரைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போகும்போது பாதி வழியில், கல்லுப்பட்டியில், தாங்க முடியாமல் இறங்கிவிட்டேன். அத்தாவும் கூடவே இறங்கினார். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். "பிளேனுல கல்லுப்பட்டி கெடையாது புள்ள, நடுவானத்துல கதவத் தொறக்க மாட்டான், நல்லா யோசிச்சிக்க" என்றார். யோசித்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. விசா கிடைத்தால் பெருநாள் முடிந்து வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் உன் நெஞ்சுக்கு அமைதியையும் காலுக்கு வலுவையும் கொடுப்பானாக, அந்நிய ஊரில் உன்னைத் தனியாக விடாமல் காப்பானாக. ஐந்து வேளையும் உனக்காகக் கை ஏந்துகிறோம். நோன்புக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடு, மறக்காதே. நான் வருகிற அன்றைக்கு ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வரும்போது டாக்சி பிடிக்காதே, ரயிலிலேயே வா. நடுவில் இறங்க வேண்டியிருந்தால் இறங்கி, உட்கார்ந்து, அடுத்த ரயிலில் ஏறி வா. எத்தனை ரயில் ஆனாலும் சரி, நான் பெட்டியோடு அங்கேயே நிற்பேன்.

உன் அம்மா,
ஆயிஷா பீவி