ஆளில்லாத வீட்டில் ‘வரேன்’ என்றேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பெற்ற வாலு எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீ சுகமா என்று கேட்டால் ‘சூப்பரா இருக்கேன்பா’ என்று ஒரே மூச்சில் சொல்லி ஃபோனை வைத்துவிடுவாய், அதனால்தான் கேட்காமல் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே, ஸ்டாம்ப் வாங்கப் போனபோது தபால் ஆபீஸ் அம்மாவே ‘என்ன சார், ஏதாவது கோர்ட் விஷயமா’ என்று கேட்டார். ஃபோனில் சொல்லக்கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், அங்கேயே பிரித்துப் படி. அந்தப் புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே. எங்கே படித்தாலும் வாய்விட்டுப் படிக்காதே.

முதலில் ஊர்ச்செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபிப்பாள். வாலுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறான். அண்ணன் மறுபடி எடை குறைக்கிறானாம், சாப்பாட்டைத்தான் குறைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எங்கள் கேட்டை மறைத்து நிறுத்துவதும், நான் போய்க் கத்துவதும், அவர் மன்னிப்புக் கேட்பதும் வழக்கம்போல நடக்கிறது. அம்மா நீ அனுப்பிய போர்வையைப் போர்த்திக்கொள்ளாமல் பீரோவில் வைத்திருக்கிறாள். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என்னுடைய ரிப்பேர் சாமான்கள் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டன. நீ வந்தால் அரைமணியில் காலி பண்ணிவிடுவேன்.

இனி வீட்டு விஷயம். இந்த வாரக் கடைசிக்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்து சாவி வாங்க வேண்டும் என்றாய். ஆபீசுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் கண்ணாடிக் கட்டடத்து வீடா, ரயில் நிலையத்துப் பழைய தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் வீடா என்பதுதான் கேள்வி. உன் மனசு கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பது தெரியும். உன்னோடு கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான், சத்தமில்லை, தூசியில்லை, லிஃப்ட் பொத்தானை அழுத்தும் முன்பே வந்து நிற்கிறது. நான் அங்கே வந்திருந்தபோது இதை உன்னிடம் சொல்லவில்லை. ஊருக்கு வந்து யோசித்து யோசித்து இப்போதுதான் கோர்வையாக வருகிறது.

உனக்கு மீட்டிங் என்று நீ வராமல் என்னை மட்டும் முதலில் அந்த வீட்டைப் பார்க்கச் சொன்னாயே, அன்று நடந்தது இது. புரோக்கர் தன் ஆபீசிலிருந்தே ஃபோனில் ஏதோ அழுத்திக் கதவைத் திறந்துவிட்டார், நான் மட்டும் உள்ளே போனேன். நல்ல பகல் வெளிச்சம். குழாயைத் திறந்து பார்த்தேன், ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், சமையலறை அலமாரிக்குள் தலையை விட்டுப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. நாற்காலிகூட இல்லாத வீடு, ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து அடுத்த அறைக்குப் போன மாதிரி இருந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாய்ப்பழக்கத்தில், ‘சரி, வரேன்’ என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து ‘வாங்க’ என்று பதில் வந்தது.

பேய் பிசாசு என்று கிழவன் உளறுகிறான் என்று நினைக்காதே. நானும் உன்னைப்போலத்தான் முதலில் நினைத்தேன், ஏதோ பேசுகிற மெஷின் பொருத்தியிருப்பார்கள் என்று. புரோக்கரைக் கேட்டேன், ‘அப்படி எதுவும் அந்த வீட்டுல வைக்கல சார், கூரையில இருக்கிறது புகை வந்தா கத்துற கருவி’ என்றார். சரி, காதுதான் மக்கர் பண்ணுகிறது என்று விட்டுவிட்டேன். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன் நான், பின்னாலிருந்து ‘போலாம் ரைட்’ என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தவன். யார் குரல், எந்தக் கண்டக்டர் என்று எனக்குத் தெரியும். இந்தக் குரலை மட்டும் எங்கே கேட்டேன் என்று பிடிபடவேயில்லை. திரும்பி ஊருக்கு வரும் ரயிலில்தான் பிடிபட்டது. அண்ணன் கல்யாண வீடியோவில் நான் பேசினதைப் போட்டுக் காட்டியபோது, இது யாரப்பா கரகரவென்று என்று கேட்டு எல்லோரும் சிரித்தீர்களே. அதே குரல். என் குரல்.

மறுநாள் நீயும் நானும் சேர்ந்து போனோம். நான் வாயே திறக்கவில்லை, நீ ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி, இங்கே மேஜை, இங்கே கட்டில் என்று துள்ளினாய். வெளியே வந்து லிஃப்டுக்கு நடந்தோம், சார்ஜரை விட்டுவிட்டேன் என்று நீ மட்டும் உள்ளே ஓடினாய். நான் லிஃப்ட் பக்கத்திலேயே நின்றேன். கதவு வழியாக உன் குரல் கேட்டது, ‘இதோ வரேன்பா’ என்று. வந்ததும் எதுக்கு அப்படிச் சொன்னே என்று கேட்டேன். ‘நீங்கதானே பாப்பா பாப்பானு உள் ரூம்லேர்ந்து கூப்பிட்டீங்க’ என்றாய், சொல்லிவிட்டு நீயே குழம்பி, லிஃப்ட் பக்கத்திலிருந்து கூப்பிட்டது அங்கே எதிரொலித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாய். நான் கூப்பிடவில்லை பாப்பா. அந்தப் பெயர் நம் வீட்டைத் தாண்டி அங்கே யாருக்கும் தெரியாது.

நீ ஆபீஸ் போன பிறகு சும்மா இருக்க முடியாமல் அந்தக் கட்டடத்துக்கே போய் விசாரித்தேன். எதிர்வீட்டுப் பையன் காதில் மாட்டியதைக் கழற்றாமலேயே ‘நல்ல வீடு அங்கிள், அமைதியா இருக்கும்’ என்றான். முன்னால் யார் இருந்தார்கள் என்றால் தெரியவில்லை. கீழே லாண்டரிக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. உன்னை மாதிரியே கம்ப்யூட்டர் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த பையனாம், சாது. ‘முதல்ல எல்லாம் லீவு விட்டா ஊருக்கு ஓடுவான் சார். அப்புறம் போறதையே நிறுத்திட்டான். ஏன் தம்பினு கேட்டா, அம்மா இங்கதானே இருக்காங்கனு சொல்லுவான். நானும் கூட்டிட்டு வந்துட்டான் போலனு நினைச்சேன்’ என்றார். பிறகு ஒருநாள் ஒரு அம்மா பையைத் தூக்கிக்கொண்டு விலாசம் கேட்டு வந்தார்களாம். மேலே போன கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்களாம். பெற்ற மகன் கதவைத் திறந்து ‘நீங்க யாரு, அம்மா தூங்குறாங்க, அப்புறம் வாங்க’ என்று சொல்லிச் சாத்திவிட்டானாம். இதைச் சொல்லும்போது அந்த லாண்டரி அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பையன் இப்போது வேறு இடத்தில் இருக்கிறானாம், ஆனாலும் சில சாயங்காலம் எதிர்ப்பக்கம் வந்து நின்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பானாம்.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ சிரிப்பாய், நான் கோபப்படுவேன், கிளம்பும் நேரத்தில் எதற்குச் சண்டை என்று வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். வந்த பிறகு அம்மாதான் சொன்னாள், சாவி வாங்கும் முன்பே நீ தினமும் ஆபீஸ் விட்டு அங்கே போகிறாய், திரைச்சீலைக்கு அளவு எடுக்கிறேன் என்று புரோக்கரிடம் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லி, வெறும் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று. ‘அங்க உட்கார்ந்தா நீங்க ரெண்டு பேரும் பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரியே இருக்கும்மா’ என்று நீ சொன்னாயாம். அம்மாவுக்குப் பூரிப்பு, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரயில் நிலையத்துத் தெரு வீட்டை நீ பார்த்தவுடனே வேண்டாம் என்றாய். சுவரில் ஈரம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். கீழே ஒரு குழந்தை ஒரே பாட்டைத் தப்புத் தப்பாகப் பழகுகிறது, ரயில் போனால் பாத்திரம் ஆடுகிறது, ஆபீசுக்கு வண்டி மாறிப் போகவேண்டும். வீட்டுக்காரம்மா பழைய கணக்கு டீச்சர், என்னையே பெஞ்சில் ஏற்றுகிற மாதிரிக் கேள்வி கேட்டார், பொண்ணு எப்ப வருவா, எப்ப போவா, என்ன சாப்பிடுவா, யார் வருவாங்க என்று. ‘இது வீடா விசாரணைக் கமிஷனா’ என்று நீ முறைத்தாய். எனக்கு அதுதான் பிடித்தது. நீ ஒரு நாள் எழுந்திருக்காவிட்டால் அந்தம்மா கதவை உடைத்துவிடுவார். அங்கே உன்னைக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் முகம் இருக்கிறது, சைக்கிள் கடைக்காரருக்கு மீசைகூட இருக்கிறது.

இதெல்லாம் கிழவனின் பிரமை என்று போன ஞாயிற்றுக்கிழமை வரை நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அன்று நான் உனக்கு ஃபோன் செய்தபோது நீ அந்த வீட்டில் இருந்தாய். எடுத்ததும் ‘என்னப்பா, இப்பதானே பேசிட்டிருந்தோம், அதுக்குள்ள ஃபோன்ல வேறயா’ என்று சிரித்தாய். அந்த வாரம் முழுக்க நான் உன்னோடு பேசவே இல்லை. என்ன பேசினோம் என்று மெதுவாகக் கேட்டேன். ‘அதான், லீவுக்கு அலைஞ்சுக்கிட்டு வர வேண்டாம், இங்கேயே இருனு சொன்னீங்களே, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்’ என்றாய். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னாய் தெரியுமா. நான் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே நீ யாருக்கோ ‘இதோ’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம்.

அது என்ன என்று எனக்குத் தெரியாது பாப்பா. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வாசலில் நின்று நான் வாய் தவறி ஒரு வார்த்தை கொடுத்தேன், அது என் குரலைப் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். நீ வேலை முடிந்து தனியாக வந்து உட்கார்கிற பிள்ளை, ஒரு குரல் அன்பாகக் கூப்பிட்டால் யாருக்குத்தான் போகத் தோன்றாது. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை, உன்னை அவ்வளவு தனியாக விட்டுவிட்டோமே என்று என்னையேதான் நொந்துகொள்கிறேன். நம்பிக்கை வராவிட்டால் ஒன்று செய். உள்ளேயிருந்து நான் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் எழுந்து தெருவுக்கு வா, லாண்டரிக் கடை வாசலில் நின்று நம் வீட்டுக்கு ஃபோன் பண்ணு. நான் இருமிக்கொண்டே எடுப்பேன், அம்மா பின்னால் கத்துவாள், வாலு பிடுங்கப் பார்ப்பான். அதைக் கேட்டபிறகு மேலே போக வேண்டுமா என்று நீயே முடிவு செய்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, உன் வேலையும் உடம்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நீ நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். கணக்கு டீச்சருக்குச் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல மறக்காதே. டிக்கெட்டைத் திரும்பப் போடு, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டாவது வா, எந்த ராத்திரியானாலும் ஸ்டேஷனில் நான் இருப்பேன். உன் அறையில் இருந்த என் சாமான்களை எல்லாம் இன்று காலையே வெளியே எடுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையை வராதே என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும், எந்தக் குரலில் சொன்னாலும், அவன் உன் அப்பன் இல்லை.

இப்படிக்கு,
வா என்று சொல்லும்
உன் அப்பா