பாலம் திறந்த வருஷத்துப் பிள்ளை

கண்ணு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பு சுகம்தானே? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம்.

நீ பிறந்த அன்று இருந்தவர்களைச் சொல்கிறேன், கேள். நான், உன் அத்தை, பல்வலியோடு வந்த நர்ஸம்மா, குடையைக் கீழே வைக்கத் தெரியாமல் வாசலில் நின்ற உன் அப்பா, பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட டாக்ஸிக்காரர். ஆஸ்பத்திரிக்குப் புதுசாகத் திறந்த பாலத்தின் மேல்தான் போனோம், தார் வாசனை எனக்குக் குமட்டியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க உனக்கு ஒரு வயது கூட்டிச் சொல்லி சர்டிபிகேட்டில் ஏற்றினார்களே, அந்தத் தேதியில் அங்கே பாலமே கிடையாது. வலியோடு நான் ஆற்றை நீந்தியா கடந்தேன்?

நேற்று போனில் நீ அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நாப்பது முடிஞ்சிடுச்சும்மா, இனிமே இங்க கவர்மெண்ட்ல குழந்தை பிறக்க வைத்தியம் பண்ண மாட்டாங்களாம்" என்றாய். உனக்கு எங்கேடி நாற்பது? இன்னும் ஒரு வருஷம் கிடக்கிறது. நான் வந்து சத்தியம் பண்ணுகிறேன் என்றால், அங்கே பெற்றவளை நம்ப மாட்டார்களாம், சர்டிபிகேட்டைத்தான் நம்புவார்களாம். நல்ல ஊர் போ.

அதனால் இன்று காலை இங்கே குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் நானே போனேன். காத்திருந்ததெல்லாம் சின்னப் பெண்கள், என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். "யாருக்கு பாட்டி வைத்தியம்?" என்று டாக்டரம்மா கேட்டாள். "எனக்குத்தான், கொஞ்சறதுக்கு ஒரு பேரன் இல்ல" என்றேன். சிரித்து முடித்துவிட்டு விவரம் சொன்னாள். இங்கே பெண்ணுக்கு ஐம்பது வரைக்கும் சட்டம் விடுகிறதாம், ஆனால் செலவு நம்முடையது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு நாட்டில் கதவைச் சாத்துகிறார்கள், இன்னொரு நாட்டில் திறந்து வைத்துக்கொண்டு காசு கேட்கிறார்கள், கர்ப்பப்பைக்கு எந்த நாட்டுச் சட்டம் தெரியும்? "நிச்சயம்னு சொல்ல மாட்டேன் பாட்டி, ஆனா தள்ளிப்போடாம வரச் சொல்லுங்க" என்றாள். பொய் சொல்லாதவள், எனக்குப் பிடித்துவிட்டது.

லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் புறப்படுங்கள். மாடி அறையில் தையல் மிஷினை நகர்த்திக் கட்டில் போட்டாயிற்று. என் சமையல் மாப்பிள்ளைக்கு இறங்காது என்று தெரியும், அவரே சமைக்கட்டும், நான் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறேன். பலிக்காமல் போனாலும் போனில் அழாதே, என் மடியில் அழு.

உன் வயிறு குளிரட்டும், நீங்கள் இருவரும் நல்லா இருங்கள். அங்கே எடுத்த ஸ்கேன் எல்லாம் மறக்காமல் கொண்டு வா.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா

பின்குறிப்பு: நான் கத்தினபோது அதட்டின நர்ஸம்மாவைக்கூட மன்னித்தாயிற்று. ஆனால் இன்னொருத்தர், தன் பெண் தனியாகப் பள்ளிக்கூடம் போக அழுகிறாள் என்று, நாலு வயது உன்னை ஐந்து என்று சொல்லித் துணைக்குச் சேர்த்துவிட்டாரே, அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் நன்றாக இருக்கட்டும். மன்னிக்கவே மாட்டேன் என்றால் அந்த ஒரு ஆளைத்தான், உன் பெரியப்பாவை.