கீப் இட் என்று சொன்னவள்

அடியே,

இன்றைக்கு அம்மன் கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்தில் புதுப் பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். மேலே தமிழில் 'காலணிகளை இங்கே வைக்கவும்'. கீழே இங்கிலீஷில் 'கீப் யுவர் செப்பல்ஸ் ஹியர்'. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னாமா, வழிய உட்டு நில்லும்மா" என்று பின்னால் வந்த அம்மா முதுகில் தட்டினார்கள்.

நமக்கு 'வை' என்று ஒரே சொல்தானே. பானையை இறக்கி வை, சாவியைப் பத்திரமாக வை, எல்லாம் ஒன்றுதான். இங்கிலீஷ்காரர்களுக்கு அப்படியில்லையாம். கீழே வைப்பதற்கு 'புட்'. உனக்கே வைத்துக்கொள் என்பதற்கு 'கீப்'. அது அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நான் பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நீ எனக்கு முன்பே அங்கே இருந்தவள். புருஷன் விட்டுப் போய், கைக்குழந்தையோடு பிள்ளையார்பாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தாய். தினமும் இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து கடைக்கு வருவோம். எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம் அது.

ஒரு நாள் கடைக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒரு பட்டுச் சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்ததைப் பிரித்தபடி புடவை விரிக்கும் மெத்தையைக் காட்டி, "கீப் இட் மேடம், கீப் இட்" என்றேன். இப்படிக் கீழே வையுங்கள் என்றுதான் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்து, "ஃபார் மீ?" என்றாள். நானும் பெரிய மேதாவி மாதிரி, "எஸ், எஸ், கீப்!" என்று தலையாட்டினேன். என்னைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினாள். சால்வையோடு போய் காரில் ஏறிவிட்டாள். பரவாயில்லையே, பாசக்காரியாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடமும் பெருமையாகச் சொன்னேன்.

கடை சாத்தும்போது சால்வை ஒன்று குறைந்தது. முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, "எவ குடுத்து அனுப்பினது?" என்று கத்தினார். எனக்குத் திருட்டுப் பட்டம் வந்தால் கல்யாணம் நின்றுவிடும். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"நான்தாண்ணே. 'கீப் இட்'டுன்னு சொன்னேன், தூக்கிக்கினு பூட்டாங்க."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

உன் வேலை போகவில்லை. மாடிக்கு, புடவை மடிக்க அனுப்பினார்கள். ஆனால் மறுநாளே கடைப் பையன்கள் உனக்கு 'கீப்பு' என்று பேர் வைத்தார்கள். முதலில் வேடிக்கைக்குத்தான் ஆரம்பித்தது. அப்புறம் டீக்கடைக்குப் போயிற்று, நம் தெருவுக்கும் வந்தது. நம் ஊரில் கீப் என்றால் என்ன அர்த்தம்? தாலி கட்டாமல் ஒருத்தன் வைத்துக்கொண்டவள். புருஷன் இல்லாத உன்னை அப்படிக் கூப்பிட்டால், கேட்கிறவன் என்ன நினைப்பான்? பாவிப் பயல்கள்.

நீயோ, "எவன் வெச்சிக்கினு இருக்கான்னு எனக்கே தெர்லடி. தெரிஞ்சா சொல்லு, போய்ப் பொங்கலுக்குப் பொடவ கேக்கறேன்" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது. "நான்தான்னு சொல்லிடவாடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "மொதல்ல உன் கண்ணாலம் முடியட்டும்" என்றாய். கல்யாணம் முடிந்தது, பிள்ளைகள் பிறந்தன, அவர்களும் வளர்ந்துவிட்டார்கள். நான் சொல்லவே இல்லை.

நீ கண்ணை மூடிய பதினாறாம் நாள், உன் காரியத்தன்று, கூட வேலை பார்த்த ஒருத்தர், "நம்ம கீப்பு மாதிரி கலகலன்னு யார் இருப்பாங்க" என்று அழுதார். உன்மேல் அவருக்குப் பிரியம்தான். உன் மகள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். அப்போதும் நான் பேசவில்லை.

இன்றைக்குக் கோயிலுக்குள் போகவே மனசு வரவில்லை. நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழியாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இஸ்கூல்ல என்னை 'கீப்பு பொண்ணு'ன்னு கூப்ட்டாங்க அத்தை. எட்டாவது படிக்கசொல்லோ, 'நெசமாமா?'ன்னு அம்மாவ கேட்டேன். 'இல்லம்மா'ன்னு மட்டும் சொல்லிச்சு. நான் நம்பல. ஒரு வருசம் அதுங்கூடப் பேசல."

அந்த ஒரு வருஷமும் நீ என்னோடு வேலைக்கு நடந்து வந்தாய். "பொண்ணு ஏண்டி மொகம் குடுக்க மாட்டேங்குது?" என்று நான் கேட்டேன். "வயசு அப்டி" என்றாய்.

என் பேரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் உன் மடியில் வந்து விழுந்திருப்பாள். நீ சொல்லவில்லையே, அடியே.