அலெக்சாண்டரின் புள்ளடி

3 பெப்ரவரி 2024, சனி
இன்று மானம் போனது. இங்கே ஜெர்மனியில், பான் நகரத்தில் ஒரு பிறந்தநாள் விழா. சோற்றுத் தட்டோடு நின்று, என் பூட்டன், அதாவது அப்பாவின் அம்மப்பா, ஸ்கொட்லாந்துக்காரர், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இயந்திரம் பார்த்த பெரிய துரை என்று அளந்துகொண்டிருந்தேன். மதிசுதன் லொறி ஓட்டி ஸ்கொட்லாந்துப் பக்கமெல்லாம் போய்வருகிறவன்.

"ஸ்கொட்லாந்திலை எந்த ஊர் அண்ணை?"

"மன்செஸ்டர்."

"அது இங்கிலாந்தெல்லோ?"

மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு அவன், "ஆதிரை வரேல்லையோ?" என்றான். "வேலை" என்றேன்.

4 பெப்ரவரி
வேலை இல்லை. மகள் ஆதிரை ஆஹென் நகரத்தில் ஆறு மாத வயிற்றோடு இருக்கிறாள். கலியாணம் இல்லை. பெடியன் ஆரெண்டு சொல்லமாட்டாளாம். நவம்பரில் போனில் சொன்னாள். "ஆக்களுக்கு முன்னாலை எங்களைத் தலைகுனிய வைச்சிட்டாய்" என்று போனை வைத்தவன்தான், பிறகு அவளோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனிசி ஜெயமலர் மட்டும் ரயிலேறிப் போய்வருகிறாள்.

18 பெப்ரவரி
மதிசுதனுக்குக் காட்டவேண்டுமென்றே தேடத் தொடங்கினேன். கையில் இருப்பது துரையின் கலியாணப் பதிவின் நகல்: ஜேம்ஸ் கெடிஸ், வயது 31, ஆண்டு 1892, தகப்பன் அலெக்சாண்டர் கெடிஸ். ஊர்ப் பெயரை மை தின்றுவிட்டது.

ஸ்கொட்லாந்துப் பதிவேடுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டு கிழமையாய்க் குடும்பப் பெயர்ப் பெட்டியில் 'கெடிஸ்' என்று போடாமல் 'அலெக்சாண்டர்' என்று போட்டிருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர். முப்பது வருசமாய் ஜெர்மன்காரன் என்னை என் அப்பாவின் பெயரில் கூப்பிடுகிறான், இருந்தும் மண்டையில் ஏறவில்லை.

25 பெப்ரவரி
தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகங்களில் அலெக்சாண்டர் கெடிஸ் தாராளம். ஜேம்ஸ் என்று மகன் உள்ளவர் ஒருவரும் இல்லை.

3 மார்ச்
1861 அரசாங்கப் பிறப்புப் பதிவில் ஒரு ஜேம்ஸ் கெடிஸ். பக்கத்தின் படமும் கிடைத்தது. கோழி கிளறின எழுத்து, வாசிக்க ஏலாது. "ஆதிரை வாசிப்பாள்" என்றாள் ஜெயமலர். வேண்டாம் என்றேன். அனுப்பிவிட்டாள்.

5 மார்ச்
பதில் தாய்க்குத்தான் வந்தது.

"பிள்ளை: ஜேம்ஸ். கலியாணம் இல்லாமல் பிறந்தது எண்டு பேருக்குக் கீழை எழுதியிருக்கு. தாய்: இசபெல்லா கெடிஸ், வீட்டு வேலைக்காரி. தகப்பன்: வெறுமை. பதிய வந்தவர்: அலெக்சாண்டர் கெடிஸ், தாயின்ரை தகப்பன். எழுதத் தெரியாது, கையெழுத்துக்குப் பதிலாய்ப் புள்ளடி, ஒரு X."

அவ்வளவுதான். மேலதிகமாய் ஒரு சொல் இல்லை.

6 மார்ச்
அப்ப, துரை தன்ரை கலியாணத்திலை தகப்பனெண்டு சொன்னது அம்மப்பாவை.

அந்த அலெக்சாண்டர், பேரனைப் பதிய எவ்வளவு தூரம் நடந்து போயிருப்பார்? வழியிலை ஆக்கள் கேட்டிருப்பினம்தானே, எங்கை போறாய் எண்டு. நான் "வேலை" எண்டன். அவர் என்ன சொன்னார்?

10 மார்ச், ஞாயிறு
ஜெயமலரோடு நானும் ரயிலேறினேன். கதவைத் திறந்த ஆதிரை முதலில் தாயின் பையை வாங்கினாள். பிறகு, "வாங்கோ மன்செஸ்டர் துரை" என்றாள். தாய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

தொட்டில் பூட்டினேன். ஒரு பலகை தலைகீழ்.

17 மே
செவ்வாய்க்கிழமை பெடியன் பிறந்தான். ஆதிரைக்கு இன்னும் நடக்க ஏலாது. அவள் எழுதித் தந்த கடிதத்தோடு பதிவு அலுவலகத்துக்கு நான் போனேன். அங்கிருந்த பெண் படிவத்தைப் பார்த்து, தகப்பன் பெயர் வெறுமையாகவே இருக்கட்டுமா என்று கேட்டார். "ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. தலையையும் ஆட்டினேன். நீங்கள் யார் என்றார்.

"தாயின் தகப்பன்."

கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் ஆதிரை, "அவை ஏதும் கேட்டவையோ அப்பா?" என்றாள்.

"ஒண்டும் இல்லை. கார் விடத்தான் இடமில்லை."

நான் நவம்பரிலேயே வந்திருக்க வேணும், பிள்ளை. அதை மட்டும் சொல்லவில்லை.