செல்வியின் கேரவனும் சிவப்புப் பிடியும்

ஐப்பசி 5, புதன்
விடியலிலிருந்து தூறல். வாசலில் செல்வியின் கேரவன். என் மகள் சொந்தமாக வாங்கி, ஷூட்டிங்குக்கு வாடகைக்குத் தானே ஓட்டும் வண்டி. டோல்கேட் தொடங்கி எண்ணூர் வரை வேறு எந்தப் பெண் வைத்திருக்கிறாள், சொல்லட்டும்.

வெள்ளியன்று எண்ணூர் கடற்கரையில் ஷூட்டிங். போன தடவை குழாய் கசிந்து தரைப் பலகை ஊறிவிட்டது. இன்னொரு தடவை ஒழுகினால் வண்டியே வேண்டாம் என்று சினிமா கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார்.

வண்டிக்குள் தண்ணீர் டேங்க் பக்கம் சிவப்புப் பிடி. அதுதான் மெயின் வால்வு. குழாயோடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல்.

செல்வி சொன்னாள், "வண்டி ஓடுறப்ப மூடியே இருக்கணும்மா. மறந்துட்டேன்னு வந்து நிக்காத."

"அஞ்சாவது பாஸ் பண்ணவடி நானு."

6, வியாழன்
மழை. கேரவன் சிங்க் அடியில் பழைய பேப்பர் விரித்தேன். சொட்டினால் காட்டிக் கொடுக்கும். போய்ப் போய்ப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. பேத்திக்குச் சிரிப்பு. "இன்னா ஆயா, வால்வு எயுந்து ஓடியா பூடும்?"
முட்டிவலி. தைலம் தீர்ந்தது.

7, வெள்ளி
நானும் போனேன். வண்டி நின்றதும் மேக்கப் போடும் பெண் குழாயைத் திருகினாள். தண்ணீர் இல்லை. துண்டை சிங்க்கில் போட்டுவிட்டு டீக்குப் போனாள். செல்வி கீழே சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் போட்டாச்சு, வால்வ தொறம்மா!"

திறந்தேன். திரும்பிப் பார்த்தால் சிங்க் வழிந்து தரையெல்லாம் தண்ணீர். குழாய் திறந்தே இருந்திருக்கிறது, அடைத்துக்கொண்டு துண்டு. சிவப்புப் பிடியைக் குறுக்கே தள்ளினேன். மாற்றுப் புடவையைத் தரையில் போட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். "எங்க வூட்ல தொறந்துதான் வெப்போம்கா. தண்ணி வந்தா சத்தம் கேக்கும்ல."

எங்கள் வீட்டிலும் அதேதான். என்ன திட்டுவது.

கேரவன் வாசலில் மேனேஜர். "இன்னாம்மா, மறுபடியும் ஒழுவுதா?"

"ஒழுவல. இப்பத்தான் தொடச்சேன். செருப்ப கீய வுட்டுட்டு ஏறு நைனா."

கழற்றிவிட்டு ஏறினார். சுற்றிப் பார்த்தார்.

"சுத்தமா கீது. திங்கக்கெழமயும் இந்த வண்டியே வோணும்."

வீட்டுக்கு வந்ததும் சமையற்கட்டுக் குழாய், பின்கட்டுக் குழாய் எல்லாம் இறுக்கி மூடினேன். நிம்மதியாகத் தூக்கம்.

8, சனி
வெயில். பேத்தி குடத்தோடு நின்று கத்துகிறாள். "ஆயா, தண்ணி வந்துட்டு பூட்ச்சாம்! ஒனக்கு சத்தமே கேக்கலியா?"