பதினெட்டு ஜீப்புக்கு ஒரு சர்வர்

அக்டோபர் 6, திங்கள்

இன்று என் வெப் பேஜ் வந்துவிட்டது! பச்சைப் பின்னணி, பெரிய எழுத்தில் "ஜீப் வேண்டுமா?", கீழே எங்கள் ஸ்டாண்டின் பதினெட்டு டிரைவர்களின் பெயர்கள். ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற கைதான் இதையும் எழுதியது. எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது.

உடனே விலாசத்தை ஸ்டாண்டு வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருத்தர் போனிலும் திறக்கவில்லை. டிரைவர்களில் இளையவன் ஜிபின், "சேச்சி, இது சேச்சிக்கு மட்டும் உள்ள வெப்சைட்டா?" என்று கேட்டு, சிரிப்புப் பொம்மை பத்து அனுப்பினான். படித்துப் பார்த்தால் அவன் சொன்னது நிஜம். நான் போட்ட விலாசத்தில் இருந்த 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் என் லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கிற விலாசமாம். வெளியாள் வர வழியே கிடையாது. சே! மானம் போச்சு.

அக்டோபர் 10, வெள்ளி

வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தாயிற்று. மும்பையில் எங்கேயோ இருக்கிறதாம். ஷிப்டு முடிந்து வந்து மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வரிக்கு வரி தப்பு. ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சதீஷ் எட்டிப் பார்த்து, "யாரைத்தா இந்தத் திட்டு திட்டுற?" என்றார். நாலரைக்கு அவர் போனில் பேஜ் திறந்தது. சர்வர் 200 என்று பதில் எழுதியிருந்தது. 'எல்லாம் சரி' என்று அர்த்தம். நோட்டில் 200 என்று எழுதி வட்டம் போட்டு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு யார் இப்படி மார்க் போட்டார்கள்?

அக்டோபர் 14, செவ்வாய்

ஸ்டாண்டு செக்ரட்டரி சங்கையா அண்ணன் வீட்டுக்கே வந்தார். "தாயி, பூராப் பேரையும் போட்டா மேல இருக்கவனத்தான் லாட்ஜ்காரன் கூப்புடுவான். வரிசைப்படி டர்னு யாருதோ அவன் பேரு மட்டும் வரணும். முடியுமா?"

டவுனில் ஒரு கம்பெனி புக்கிங் முழுவதையும் தன்னிடம் விடச் சொல்கிறதாம். 26-ஆம் தேதி ஸ்டாண்டு கூட்டத்தில் முடிவு. "அவன் கையில போச்சுன்னா அவன் சொல்ற ஆளுக்குத்தான் ஓட்டம். நம்ம டர்னு செத்துச்சு" என்றார்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே!

அக்டோபர் 16, வியாழன்

போனும் சர்வரும் பேசிக்கொள்கிற எச்.டி.டி.பி.க்கு ஞாபகமே கிடையாது. நேற்று வந்தவனும் இன்று புது ஆள்தான். முறை யாருடையது என்பதை சர்வரில் நான்தான் எழுதி வைக்கணும்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு டூரிஸ்ட் கூட்டம். காலை எட்டுக்குப் பேஜை லாட்ஜ்காரர்களுக்குத் திறந்துவிட்டோம். ஒன்பதுக்குள் நாறிப்போச்சு.

ஜிபின் பெயர் வருகிறது, அடுத்த நொடி காணோம். ஈஸ்வரன், பிஜு, மறுபடி ஜிபின் — ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. லாட்ஜ்காரர்கள் பார்த்தபோது மூன்று தடவை சதீஷ் பெயர் வந்துவிட்டது. டிரைவர் காளிச்சாமி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏன் மைனி, பொண்டாட்டி எழுதுனா புருசன் பேருதான் வருமோ?"

நான் ஏன்யா அப்படிச் செய்யப்போறேன்? பன்னெண்டு நாளு கண்ணு எரிய உக்காந்து எழுதுனது இதைக் கேக்கவா? சதீஷ் குனிந்து வண்டி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் எரிகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

கண்டுபிடிச்சுட்டேன்!

யார் எப்போது பேஜைத் திறந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதிவைக்கும். படித்தேன். ஒரே போனிலிருந்து பத்து நிமிடத்தில் நாற்பது தடவை. சதீஷைக் கேட்டேன், நீங்க எத்தனை தடவை திறந்தீங்க? "எம் பேரு வந்துருச்சான்னு சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாப் பயலும் அதைத்தான் செஞ்சான்."

அட கடவுளே. சங்கையா அண்ணனிடம் 'அடுத்து யாரு?' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பார்கள். கேட்டதற்காக அவர் யார் பெயரையும் அடிக்கமாட்டார். வண்டி கிளம்பினால்தான் அடிப்பார். நான் எழுதியதோ, பேஜைத் திறந்தாலே முறையைத் தள்ளிவிடுகிறது. சும்மா பார்ப்பதற்கு கெட் என்ற கட்டளை, எதையாவது மாற்றுவதற்கு போஸ்ட் என்று முதல் வாரமே படித்தேன். நோட்டில் இருக்கிறது, மண்டையில் இல்லை. இப்போது 'ஓட்டம் ஏற்றாச்சு' என்று புதிதாக வைத்த பட்டனை அமுக்கினால் மட்டும்தான் முறை நகரும். மாற்றியது ஒன்பது வரி.

அக்டோபர் 22, புதன்

ஸ்டாண்டுக்கே போனேன். பதினெட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னேன். திரும்பத் திரும்பத் திறங்க, விரல் தேயட்டும் என்றேன். பிஜு பெயர் அசையவில்லை. காளிச்சாமியைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். அடுத்தது ஈஸ்வரன். காளிச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சும்மா விடுவேனா, வடையும் கேட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கம்பெனி வேண்டாம் என்று பதினான்கு கை. எங்கள் பேஜே போதுமாம். 'எங்கள்' என்கிறார்கள். இருக்கட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் சதீஷுக்கு முறை வந்தது. இவர் வண்டியை விட்டுவிட்டு எங்கோ கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் ஏற்காவிட்டால் கடைசிக்குப் போகணும், ஸ்டாண்டு விதி. பேஜும் அப்படியே அவரைக் கடைசியில் போட்டது.

அவரிடமிருந்து போன் வந்தது. "ரெண்டே நிமிசம்தான் லேட்டு. ஒன் கையிலதான இருக்கு, மேல ஏத்தி விடுத்தா."

மாட்டேன் என்றேன். மத்தியானம் சோற்றுக்கும் வரவில்லை.

நாலு மணிக்குக் காளிச்சாமி கூப்பிட்டார். "மைனி, பரவால்ல, சதீஷை மேல ஏத்திருவோம்னு நாங்க எல்லாருமே சொன்னோம். அவன்தான் வேண்டாம்னுட்டான். எம் பொண்டாட்டி எழுதுனது எவனுக்காகவும் மாறாது, எனக்காகவும் மாறாதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்றான்."

சரியாகக் கேட்கவில்லை, சிக்னல் இல்லை என்று சொல்லி, அதை இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.